ஃப்ளோரிக்கு ஒரு ஜோடி பூட்ஸு

...குடிகாரியாம்! நானு! கேட்டீங்களா கிரிம்வுட் அண்ணே இந்த அநியாயத்த? லைம்ஹவுஸ்ல ஒரு சுவரு பாக்கியில்ல, எம்மக ஃப்ளோரி படத்த ஒட்டி வச்சிருக்காரு, இந்த ஏழைப் புள்ளைங்க விடுதிய நடத்துற உங்க பெம்பர்டன் ஐயா. கிழிஞ்ச கவுனு, மூஞ்சியெல்லாம் கரி. கீழ கொட்டை எழுத்துல, 'குடிகாரத் தாயிடமிருந்து மீட்ட குழந்தை, தாராளமாக உதவுங்கள்'னு! அடப்பாவிகளா! ஊரு அழுக்கயெல்லாம் தொவச்சுத் தொவச்சு வெந்துபோன கையிண்ணே இது. சாராயம் தொடமாட்டேன்னு சர்ச்சுல சத்தியம் பண்ணவ நானு. இந்தா பாருங்க, அதுக்கு அடையாளமா நீல ரிப்பன் குத்தியிருக்கேன்!

அய்ய, இரும்புக் கேட்ட ஏன் சாத்துறீங்க? நடுவுல எங்கால் இருக்குல்ல! நீங்க காவக்காரரு, உங்க வேலய நான் கொற சொல்லல. ஆனா இன்னிக்குப் புள்ளைங்களக் கப்பலேத்தி கனடாவுக்கு அனுப்புறாராமே? எம்புள்ளயுமா? எங்கண்ணே இருக்கு அந்தக் கனடா? ஞாயித்துக்கெழம போயிட்டு வர்ற தூரமா?

கரி... சரி, கரி நாந்தான் பூசுனேன். அதுக்கென்ன இப்ப? எல்லாம் அந்த மேல்மாடி நோக்ஸ் பொம்பள குடுத்த ரோசன. நாசமாப் போவ! பனியில புள்ள வெறுங்காலோட நின்னுச்சு. பூட்ஸு கேட்டு ஐயாகிட்ட வந்தேன். என்னய ஏற எறங்கப் பாத்தாரு. "ஒழுக்கமான தாய் இருக்கா, இந்தக் குழந்தைக்கு எங்க உதவி தேவப்படாது"ன்னு ஒரு ஜெபப் புஸ்தகத்தக் குடுத்து அனுப்பிட்டாரு. புஸ்தகத்தயா கால்ல மாட்டுறது? அப்பத்தான் அந்த நோக்ஸ் சொன்னா: "ஏண்டி கீசியா, ஒனக்குப் பொழைக்கத் தெரியலயே! ஒழுங்கா இருக்கவ புள்ளைக்கு உபதேசம், குடிகாரி புள்ளைக்குத்தான் பூட்ஸு, கறிச்சோறு, கம்பளி எல்லாம். குளிரு முடியிறவரைக்கும் புள்ளய அங்க விட்டு வை, அப்பறம் போயி கூட்டிக்கிட்டு வா."

சால்வையில பீர ஊத்திக்கிட்டேன். வாயில ஒரு சொட்டு படல, சத்தியமா! புள்ளயக் கையில புடிச்சுக்கிட்டு தள்ளாடிக்கிட்டே வந்து விழுந்தேன் பாருங்க, இந்தப் படியிலதான். நீங்கதான தூக்கிவிட்டீங்க? என்னா கெட்ட வார்த்த பேசுனேன்! ஐயாவுக்குக் கண்ணே கலங்கிருச்சு. ஒடனே போட்டோக்காரனக் கூப்டாரு. புள்ள கவுனுல ஒரு கையத்தான் நான் கிழிச்சிருந்தேன். அந்தப் பய இன்னொரு கையயும் கிழிச்சுட்டு, "இப்பத்தான் பரிதாபமா இருக்கு"ங்கறான்! நல்ல கவுனுண்ணே அது!

நேத்து வந்து கால்ல விழுந்தேன். ஐயா, எல்லாம் வேஷமய்யா, எம்புள்ளயக் குடுத்துருங்கன்னு அழுதேன். அவரு நியாயஸ்தராச்சே! "குழந்தையையே கேப்போம்"ன்னாரு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

ஃப்ளோரி வந்தா அண்ணே. புது பூட்ஸு. தல சீவி, கன்னமெல்லாம் செவப்பா... எம்புள்ளயான்னு இருந்துச்சு. "பயப்படாம சொல்லும்மா, அம்மா குடிப்பாங்களா?"ங்கறாரு. "குடிப்பாங்க." "அடிப்பாங்களா?" "அடிப்பாங்கய்யா, கரண்டியால." "அம்மாகிட்டப் போறியா?" "வேணாம், வேணாம், பயமா இருக்கு."

இங்க கொண்டாந்து விடுறதுக்கு முந்தின ராத்திரியெல்லாம் ஒக்காத்தி வச்சு நான் சொல்லிக் குடுத்ததுண்ணே! யாரு எப்பக் கேட்டாலும் இதத்தான் சொல்லணும், மாத்திச் சொன்னா பூட்ஸப் புடுங்கிடுவாங்கடின்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். ஒரு வார்த்த பெசகாம சொல்லிட்டு, ஐயாவுக்குத் தெரியாம என்னயப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சா. நல்லா சொன்னேனாம்மான்னு கேக்குற சிரிப்பு.

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.

ஒரே ஒருவாட்டி உள்ள விடுங்கண்ணே. கூட்டிட்டுக்கூட வரல. போதும்டி, இனிமே நெசத்தச் சொல்லுன்னு அவ காதுல ஒரு வார்த்த... அண்ணே? பூட்டாதீங்கண்ணே... அண்ணே!