குரங்கு பார்க்க நூறு கிலோமீட்டர் கூட்டிப்போன உமாராணி டீச்சருக்கு

எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய உமாராணி டீச்சர் அவர்களே! இலஞ்சியின் இளம்பிள்ளைகளுக்கு உலகைத் திறந்து காட்டியவரே! பாடப்புத்தகத்துப் புலி போதாதென்று, நிஜப் புலியைக் காட்டப் பேருந்து பிடித்த பெருந்தகையே! வணக்கம்.

இன்றோடு நிறைவுறும் முப்பத்தோர் ஆண்டுப் பணியில், ஆண்டுதோறும் ஐந்தாம் வகுப்பைத் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் சென்றீர்கள். அந்தப் பயணமே நின்றுபோக இருந்த ஓர் ஆண்டை மட்டும் இங்கே சொல்கிறோம்.

அன்று சிங்கவால் குரங்கின் கூண்டைக் கண்டதும் மாணவி வேல்விழி பதறிப்போய், கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை உள்ளே வீசிவிட்டாள்.

"குடுக்கலன்னா மேல விழுந்து பறிச்சிரும்லா டீச்சர்!"

குற்றாலத்துப் பக்கத்துப் பிள்ளைக்கு அதுதானே தெரியும்! பராமரிப்பாளர் கொதித்துப்போய், எல்லாரும் வெளியே போங்கள் என்றார். நீங்களோ அவளை அதட்டவில்லை.

"சொல்லிக் கூட்டிட்டு வராதது என் தப்பு. ஏன் போடக் கூடாதுன்னு நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லுங்க."

கோலால் பொட்டலத்தை இழுத்தெடுத்த அவர், பழத்தையும் கடலையையும் தாம் நிறுத்துப் போடுவதையும், உப்பும் எண்ணெயும் குரங்கின் வயிற்றைக் கெடுப்பதையும் அரைமணி நேரம் விளக்கினார்.

பெற்றோர் கூட்டத்தில் வேல்விழியின் தந்தை இசக்கிப்பாண்டி அண்ணாச்சி எழுந்தார்.

"குரங்கு பாக்க நூறு கிலோமீட்டர் போணுமாக்கும்? நம்ம அருவிக்கரையில கூப்பிடாமலே தோள்ல ஏறுதே! எம்புள்ள ஏச்சு வாங்கினதுதான் மிச்சம். இந்த டூரை நிப்பாட்டுங்க!"

கூட்டம் சிரித்தது. பல தலைகள் ஆமாம் என்று அசைந்தன.

"அங்கன என்ன படிச்சாள்னு அவகிட்டயே கேளுங்க, அண்ணாச்சி" என்றீர்கள்.

தந்தையின் பக்கத்தில் நின்ற வேல்விழி சொன்னாள்: "அங்கன உள்ளது முறுக்கத் தொடவே இல்லப்பா. அதுக்குப் பழக்கம் இல்ல. இங்கன உள்ளதுக்கு நாமதான் பழக்கி விட்டிருக்கோம். நீங்க ஞாயித்துக்கிழமதோறும் வடை போடுதீங்கல்லா?"

இம்முறை கூட்டம் அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தது. அவர் தலையைச் சொறிந்தார்.

"சரி, அடுத்த வருசமும் போகட்டும். நானும் வாரேன். அங்கன என்னத்தச் சொல்லுதாவன்னு கேக்கணும்லா."

டீச்சர்! கேள்வி கேட்கும் பிள்ளைகளை, தகப்பனையே கேட்கும் பிள்ளைகளை வளர்த்ததற்கு நன்றி. மூட்டுவலியோடும் பேருந்தேறிய ஆண்டுகளுக்கு நன்றி. கூண்டுக்கு வெளியே நிற்பவருக்கும் ஒழுக்கம் வேண்டும் என்று எங்களுக்கும் கற்பித்ததற்கு நன்றி.

மூட்டு நலமாகி, மனம் மகிழ்வாகி, நூறாண்டு வாழ்க! இந்த ஆண்டும் பயணம் உண்டு. பொறுப்பை மணிமுத்து சார் ஏற்றிருக்கிறார். ஓய்வு பெற்றவர் பேருந்தில் ஏறக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. விசாரித்துவிட்டோம்.

நன்றி மறவாத
சக ஆசிரியர்களும் அலுவலர்களும்
இலஞ்சி