நான்காவது மறுப்பு

நான்கு பேரை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தால் ஒருவர் வேலை செய்வார், ஒருவர் வேடிக்கை பார்ப்பார், ஒருவர் போனை நோண்டுவார், நான்காமவர் கடைசியில் வந்து தன் பெயரைச் சேர்த்துக்கொள்வார். பாடம் நடத்துகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், ஐயா.

லிஃப்ட் பழுது பார்க்கப் பழகுகிறவர்களுக்கு நான் வாத்தியார். இந்தச் சோம்பலை ஒழிக்கத்தான் ஆளுக்கொரு பொறுப்பு வைத்தேன். ஒருவர் வேலையின் படிகளைக் கம்ப்யூட்டரில் எழுதுவார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் கையால் செய்வார், ஒருவர் அதில் குறை கண்டு மறுப்பார். மறுப்பவர் வகுப்புக்கு மூன்று மறுப்பு எழுதியே ஆகவேண்டும். குறைந்தால் மதிப்பெண் போகும். மூன்றுக்கு மேல் எழுத கம்ப்யூட்டர் விடாது. மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில் போட்டுவிட்டு மேலே போகலாம்.

பொறுப்பு வாரம் ஒருமுறை மாறும் என்று சொல்லியிருந்தேன். மூன்றாவது குழுவில் மட்டும் ஒருவருக்கு மாறாமல் பார்த்துக்கொண்டேன். அந்தக் குழுவில் ஒரு பெண் இருந்தாள், எதிலும் பிசகைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. அவளையே பதினொரு வாரம் மறுக்க வைத்தேன். ஒரே வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தால் கேட்கிற காது மரத்துப்போகுமா என்று பார்க்க ஆசை. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

சரியாக இருக்கிற வேலையிலும் அவள் மூன்று குறை தேடவேண்டியிருந்தது. ஸ்க்ரூ பழசு, எழுத்து கோணல் என்று எதையாவது எழுதுவாள். நான்காவது வாரமே ‘முட்டுக்கட்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் உள்ளே நுழைந்தால், “வந்தாச்சு, இனி லிஃப்ட் நகராது” என்பார்கள். டீ குடிக்கப் போகும்போது அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் என் அறைக்கு வந்தாள்.

“சார், இந்த வாரமாவது மாத்தி விடுங்க. நல்லதுக்குச் சொன்னாலும் சிரிக்கிறாங்க.”

“கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுதும்மா. என் கையில என்ன இருக்கு?”

நம்பினாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

இறந்தவரும் அதே குழுதான். முன்பு வெல்டராக இருந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நல்ல மனுஷன். விபத்து நடந்த அன்றைக்குக் கையால் செய்கிற முறை அவருடையது. லிஃப்டின் மின் பேனலுக்குள் கை வைப்பதற்கு முன் சுவரில் இருக்கிற மெயின் ஸ்விட்சை அணைக்கவேண்டும். அணைத்தார்கள், சரிபார்த்தார்கள், கம்ப்யூட்டரில் எழுதவும் செய்தார்கள். அவள் தன் மூன்று மறுப்பையும் முதல் பத்து நிமிடத்திலேயே தீர்த்திருந்தாள். சீக்கிரம் முடித்துவிட்டு வாயை மூடிக்கொள்வது அவள் வழக்கமாகியிருந்தது.

பிறகு தற்செயலாகச் சுவர்ப் பக்கம் பார்த்தாள்.

“அண்ணே, மெயின் ஆன்ல இருக்கு.”

“உன் மூணும் முடிஞ்சு போச்சு, முட்டுக்கட்டை” என்றார் வெல்டர். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

“விளையாடலண்ணே, சத்தியமா ஆன்ல இருக்கு.” என் பக்கம் திரும்பினாள். “சார், நீங்களாவது சொல்லுங்க.”

“குழுவுக்குள்ள பேசி முடிங்க” என்றேன். வாத்தியார் குறுக்கே வரக்கூடாது என்பது நான் வைத்த விதி.

வெல்டர் கையை உள்ளே விட்டார்.

அந்தப் பெண் எச்சரிக்கவில்லை, அதனால்தான் விபத்து என்று எங்கள் பயிற்சி நிலையம் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் அவளுடைய நான்காவது மறுப்பு இல்லை என்பது உண்மைதான். கூட இருந்த இருவரும் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. நேற்று அவளுடைய அப்பா என் வீட்டு வாசலில் நின்று, “பொண்ண ஜெயில்ல போட்ருவாங்களா சார்?” என்று கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பாவமும் அறியாத பெண். அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன்.

மெயினை அவர்கள் ஒழுங்காகத்தான் அணைத்திருந்தார்கள். நான்கு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதைத் திரும்பப் போட்டவன் நான். பதினொரு வாரத்துக்குப் பிறகு உண்மையான மறுப்பு ஒன்று வந்தால் கேட்பார்களா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. கை உள்ளே போவதற்குள் அணைத்துவிடுவதாகத்தான் திட்டம். ஸ்விட்ச் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. அவர் எவ்வளவு நேரம் தயங்குகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவள் என்னிடம் இன்னொரு தடவை கேட்டிருந்தால் கட்டாயம் அணைத்திருப்பேன். ஒரே தடவையோடு நிறுத்திக்கொண்டது அவள்தான்.