கேமராவுக்குப் போட்ட சட்டை

புயல் மழை விட்ட காலையில் பெசன்ட் நகரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒருவன் வெற்று உடம்போடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு துணிப் பொட்டலம்.

"சட்டை எங்க மச்சி?" என்றான் பக்கத்திலிருந்த சிநேகிதன்.

"கேமராவுக்குப் போட்டுட்டேன்."

"படம் புடிக்க பெரிய அலை மாட்டுச்சா?"

"பனமரம் ஒசரத்துக்கு வந்துச்சு. ரோல்ல ஒரே படம்தான் பாக்கி. அமுக்கசொல்ல கண்ண மூடிக்கினேன். கல்யாணத்துல மாப்பிள்ளையையே கண்ண மூடாதேன்னு அதட்டுறவன் நான். இப்ப படம் வுழுந்துச்சா இல்லியான்னு ரோல கழுவுனாதான் தெரியும்."

"நீ மூடுனா இன்னா? கேமரா முழிச்சிக்கினுதான இருந்துச்சு."

அவன் உடம்பில் நனையாத இடமே இல்லை. கண்ணைத்தான் மூடியிருக்கிறான், அந்த அலைக்கு முன்னால் ஓடாமல் நின்றிருக்கிறான்.