வயிற்றுக்குள் வெளிச்சம்

எலிகளுக்கு என்னைப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். மணலியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் என் கையை மட்டும் அவை கடித்ததில்லை.

அங்கே நாங்கள் வளர்த்தது தயிரில் இருப்பது போன்ற ஒரு நல்ல பாக்டீரியா. குடலில் அது எங்கே தங்குகிறது என்று தெரிவதற்காக, அதை ஒளிரும்படி மாற்றியிருந்தோம். எலிக்குப் புகட்டி, மயக்க மருந்து கொடுத்து, இருட்டுப் பெட்டிக்குள் வைத்தால் அதன் வயிற்று வெளிச்சத்தைக் கேமரா காட்டும். எலியை அறுக்க வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கில் வாடிய எலிகள் பல தேறின. மிகவும் நலிந்த சிலவற்றில் மட்டும் வெளிச்சம் குடலைத் தாண்டிப் பரவியது. அவை பிழைக்கவில்லை.

என் தங்கை ஜெயக்கொடி எண்ணூரில் இருக்கிறாள். கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. மகள் தமன்னாவுக்கு மூன்று வயது. தூக்கினால் கனமே இருக்காது. ஓயாத வயிற்றுப்போக்கு.

"எவ்ளோ ஆஸ்பத்திரி பாத்தாச்சுண்ணா. துன்னது எதுவும் நிக்க மாட்டேங்குது," என்று தங்கை அழுதாள்.

சத்து மருந்து என்று சொல்லி, அந்தப் பாக்டீரியாவைப் பாலில் கலந்து தமன்னாவுக்கு நானே ஊட்டினேன். என் மடியில் உட்கார்ந்து சமர்த்தாகக் குடித்தாள். பிறகு அவள் மலம் கழித்த துணியை எடுத்துப்போய்க் கேமராவின் கீழ் வைத்தேன். ஒளிர்ந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த வாரமே காய்ச்சல். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார் டாக்டர். "வீட்ல வேற ஏதாவது குடுத்தீங்களா?"

ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். "சத்து மருந்துதான்," என்றேன்.

எங்கள் பாக்டீரியாவை அடையாளம் காண, ஒரு மருந்துக்கு மட்டும் அது சாகாதபடி செய்திருந்தோம். அந்த மருந்தைத்தான் தமன்னாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாட்டிலில் பெயரைப் படித்தேன். எந்த மருந்து கேட்கும் என்பதும் எனக்குத் தெரியும். சொன்னால் ஆய்வை மூடிவிடுவார்கள். இன்னும் எத்தனை குழந்தைகளுக்கு அது தேவைப்படும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்குப் போலாம் மாமா," என்றாள். போகலாம் என்றேன்.

குழிக்குள் அவளை இறக்கியதும் நான்தான். ஜெயக்கொடி என் தோளில் சாய்ந்து, "நீயாச்சும் கடைசி வரிக்கும் கூட இருந்தியேண்ணா," என்றாள்.

நடந்தது இவ்வளவுதான், மேடம். கையெழுத்துப் போடுகிறேன். தங்கைக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?