மாலையோடு ஓட முடியுமா?

சிராங்கூன் சாலையில் உரைகல்லில் ஒரு கோடு இழுத்துத் தங்கத்தின் தரம் சொல்லும் தகைமையாளரும், இன்று இந்தத் தமிழ்ச்சோலை மன்றத்தின் தலைமை நாற்காலியை அணி செய்பவருமாகிய பெரியவர் பரமசிவம் அவர்களே! மன்றத்தின் தூண்களாகவும், அந்தத் தூண்களுக்கே முட்டுத்தூண்களாகவும் மேடையை நிறைத்திருக்கும் பதினொரு செயற்குழுப் பெரியோர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று ஒரு சொல்லைக்கூட மிச்சம் வைக்காத ஆறு சொற்பொழிவாளர்களே! பிடோக்கிலிருந்தும் புக்கிட் மேராவிலிருந்தும் பஸ் மாறிப் பஸ் ஏறி வந்திருக்கும் பாசமிகு பெருமக்களே! மடியில் தூக்குச்சட்டியும் மனத்தில் தாயன்புமாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்னையர்களே! நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஃபேரர் பார்க் திடலில் ஓட வேண்டியவரும், இன்று மாலை நான்கு மணியிலிருந்து இந்த மேடையில் மாலைச் சுமையோடு உட்கார்ந்திருப்பவருமாகிய தங்கை ரூபி அவர்களே! அனைவர்க்கும் என் அன்பு வணக்கம்.

இப்போது மணி ஆறே முக்கால்.

"நடுத்தூர ஓட்டக்காரருக்கு வேகம் எங்கிருந்து வருகிறது?" இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. தனசேகரன் என்னும் நான் துறைமுகத்தில் சரக்குச் சீட்டு எழுதும் குமாஸ்தா. இரண்டாண்டுகளாக விடியற்காலையில் ரூபி ஓட, ஓரமாய் நின்று ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறவன். என் தகுதி அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடிகாரம் பொய் சொல்லாது, நண்பர்களே. நம் கைதட்டலுக்கு மயங்காது!

வேகம் எங்கே இருக்கிறது? காலில் என்கிறீர்களா? காலில் இருந்தால் கொக்கு அல்லவா தங்கப் பதக்கம் வாங்க வேண்டும்! பின்வரிசையில் ஒருவர் 'வீரத்தில்' என்கிறார். ஐயா, வீரம் நூறு கெஜத்துக்குத் தாங்கும். இவர் ஓடுவது எண்ணூற்று எண்பது கெஜம், திடலை இரண்டு முழுச் சுற்று. நூறு கெஜக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டே ஓடி முடித்துவிடுவார். நெடுந்தூரக்காரர் மூச்சை நிதானமாய் விட்டு விட்டு ஓடுவார். நடுத்தூரக்காரருக்கோ இரண்டும் வேண்டும், இரண்டும் போதாது! பாய்கிற பாய்ச்சலும் வேண்டும், அந்தப் பாய்ச்சலைப் பங்கு பிரித்துச் செலவழிக்கும் பக்குவமும் வேண்டும்.

அதனால்தான் விடியற்காலையில் இருநூற்று இருபது கெஜத்தைப் பன்னிரண்டு முறை ஓடுகிறார். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை நிமிடம் நடை. மூச்சு முழுதாய்த் திரும்புவதற்குள் மறுபடி ஓட்டம். நெஞ்சைப் பழக்குகிறார், ஐயா! இருதயம் ஒரு தட்டுக்கு இன்னும் கொஞ்சம் இரத்தம் தள்ளப் பழகுகிறது. நுரையீரல் இன்னும் கொஞ்சம் காற்று வாங்கப் பழகுகிறது. பிறகு மருத்துவமனைக்குப் போய் எட்டு மணி நேரம் வார்டில் நின்று தாதி வேலை பார்க்கிறார். அத்தனை உழைப்பும் உடம்பில் எப்போது ஒட்டுகிறது தெரியுமா? தூங்கும்போது! ஓடும்போது உடம்பு தேய்கிறது, உறங்கும்போதுதான் ஊறுகிறது. அந்த உறக்கத்தைத்தான் நாம் மூன்று மணி நேரமாய் மைக் வைத்துக் கலைத்துக்கொண்டிருக்கிறோம்!

கை தட்டாதீர்கள். நான் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு நடந்ததை மறந்துவிட்டீர்களா? இதே மன்றம், இதே மேடை, போட்டிக்கு முந்தின நாள் இதே போன்ற பாராட்டு விழா. வென்றவரைப் பாராட்டுவது உலகத்து வழக்கம். வெல்வதற்கு முன்பே பாராட்டி, வெல்ல முடியாமல் செய்வது நம்முடைய வழக்கம்! அன்று வரவேற்புரையே நாற்பது நிமிடம். அந்த வரவேற்புரையை ஆற்றிய பெருமகன் யார்? ஏன் சிரிக்கிறீர்கள்? ஆமாம், நான்தான்! தமிழ்ப் பெண்ணின் வீரம் பற்றி நாற்பது நிமிடம் முழங்கினேன். அந்தத் தமிழ்ப் பெண் என் பின்னால் கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

விழா முடிந்ததா, விருந்து தொடங்கியது. மூன்று வீடுகள்! பூவம்மா அக்கா வீட்டில் பிரியாணி. அக்கா, முகத்தைத் திருப்பாதீர்கள், உங்கள் பிரியாணிக்கு நானும் அடிமை. 'புள்ள எலும்பும் தோலுமா இருக்கு, இன்னொரு கரண்டி வைலா' என்று நீங்கள் சொன்னதை என் காதால் கேட்டேன். அக்கா, அந்த எலும்பும் தோலும் அவர் ஓராண்டு பாடுபட்டுச் சேர்த்த சொத்து! அதன்மேல் நெய்யை ஊற்றினீர்களே!

மறுநாள் திடலுக்கு நாம் எப்படிப் போனோம்? உறுமி மேளத்தோடு போனோம். அதோ, தூணோரம் நிற்கிறாரே தம்பி வேலாயுதம், அவருடைய குழு. துப்பாக்கி வெடித்தது. உடனே தம்பி மேளத்தை வெளுத்து வாங்கினார். நாமெல்லாம் 'ஓடு, ரூபி, ஓடு' என்று தொண்டை கிழியக் கத்தினோம். பாவம், அந்தப் பெண் என்ன செய்வார்? கால் மேளத்தோடு போய்விட்டது. எழுபது வினாடியில் முடிக்க வேண்டிய முதல் சுற்றை அறுபத்து நான்கில் முடித்தார். நாம் ஆனந்தக் கூத்தாடினோம். என் கையில் கடிகாரம் இருந்தது. நான் மட்டும் ஆடுவதை நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால் நடுத்தூர ஓட்டத்தின் எமன் கடைசி நூறு கெஜத்தில் இல்லை. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்த பிறகு வருகிறதே மூன்றாவது கால்பகுதி, அங்கேதான் காத்திருக்கிறான். தொடக்கத்தின் உற்சாகம் தீர்ந்திருக்கும், முடிவு கண்ணுக்குத் தெரியாது. அங்கே வேகம் குறையாதவரே வேகமானவர்! அந்த இடத்தில் ரூபியின் தோள் தூக்கிக்கொண்டது, கை விறைத்தது, கால் மண்ணில் புதைந்தது போலாயிற்று. இரண்டாம் சுற்று எண்பத்தாறு வினாடி. மார்பளவு வித்தியாசத்தில் தோற்றார். அவர் முழிபிதுங்கி ஓடிய அந்த இடத்தில் நம்மில் ஒருவராவது நின்றோமா? இல்லை! அத்தனை பேரும் நிழல் பார்த்து, புறப்படும் கோட்டருகே அல்லவா நின்றோம்!

ஓடி முடித்துப் புல்லில் விழுந்தவரிடம் ஓடினேன். முதல் வார்த்தையாக என்ன சொன்னார் தெரியுமா? 'சாரிண்ணே. எல்லாரும் எவ்ளோ ஆசையா செஞ்சாங்க, நான்தான் கெடுத்துட்டேன்' என்றார். நாம் கெடுத்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார்! 'பிரியாணி வேணாம்னு சொல்லியிருக்கலாமேம்மா' என்றேன். 'எப்படிண்ணே சொல்றது? கோச்சுக்குவாங்களே' என்றார். அன்று எனக்கு அழுகை வந்தது, ஐயா. இன்றும் வருகிறது.

அப்படிப்பட்டவரை இன்று மறுபடி கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறோம். கோலாலம்பூர் செல்லும் அணியில் இந்த ஓட்டத்துக்குப் பெண்களில் ஒரே ஓர் இடம். நாளை முதலில் வருபவருக்கு அது. அடுத்த மாதத்திலிருந்து ரூபிக்கு ஓராண்டு இரவு வேலை. விடியற்காலைப் பயிற்சி அதோடு போயிற்று. நாளை விட்டால் பிறகு எப்போது? சொல்லுங்கள், எப்போது?

தலைவர் மணி அடிக்கிறார், என் நேரம் முடிந்ததாம். ஆறு பேருக்கு அடிக்காத மணி! ஐயா, நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் இன்னும் நால்வர் பேசுகிறார்கள். பிறகு பொன்னாடை, பிறகு வாழ்த்துப்பா, பிறகு பன்னிரண்டு சங்கங்களின் மாலைகள், பிறகு விருந்து! உங்களை மன்றாடிக் கேட்கிறேன். மாலைகள் வாடிவிடும் என்ற கவலையா? என் கழுத்தில் போடுங்கள். நாளை எனக்கு ஓட்டமில்லை. விருந்து வீணாகும் என்ற கவலையா? இத்தனை வயிறு இருக்கிறதே! ரூபிக்கு வீட்டில் அம்மா கஞ்சியும் அவித்த முட்டையும் வைத்திருக்கிறார்.

தம்பி வேலாயுதம்! நாளை மேளம் வேண்டும். ஆனால் துப்பாக்கிக்கு அடிக்காதே. வெயிலானாலும் திடலின் எதிர்ப்பக்கம் போய் நில். முதல் சுற்றில் அவர் உன்னைக் கடக்கும்போது வாயைத் திறக்காதே, மேளத் தோலைத் தொடாதே. கடைசிச் சுற்று மணி அடித்து, அந்த எமன் நிற்கும் இடத்துக்கு அவர் வரும்போது அடி, தம்பி! அப்போது அடி! கை ஓயும்வரை அடி!

என்ன, தலையாட்டுகிறாயா? நல்லது.

சபையோரே, ஓட்டக்காரரை வேகமாக ஓட வைப்பது எது? மூச்சு! முறையான பயிற்சி! முதல் சுற்றில் அடக்கம்! முன்னிரவில் உறக்கம்! இத்தனைக்கும் மேலே, 'வேண்டாம்' என்று சொல்கிற துணிவு! அந்தத் துணிவை நாம் தர வேண்டாம், நண்பர்களே, தடுக்காமல் இருந்தால் போதும். அன்பு என்று சொல்லி அவரை உட்கார வைத்தோமே, அதே அன்பின் பெயரால் அவரை எழுந்திருக்க விடக் கூடாதா? தமிழினத்தின் பெருமை, தாய்க்குலத்தின் அருமை, இந்தத் தீவின் திறமை அத்தனையையும் திரட்டித் தோளில் சுமக்கும் இந்தத் தங்கை...

என்னம்மா? எழுந்துவிட்டாயா?

சபையோரே, ஒரு நிமிடம். மாலையைக் கழற்றித் தலைவர் மேசையில் வைக்கிறார். என்னிடம் ஏதோ சொல்கிறார். மைக்கில் சொல்லம்மா. வெட்கப்படுகிறார். சரி, அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன். 'எனக்குத் தூக்கம் வருது, நான் போறேன். யாரும் கோச்சுக்காதீங்க. அண்ணே, நீங்களும் பேச்ச முடிங்க, எல்லாரும் காலையில வரணும்ல?'

முடித்துவிட்டேன், தாயே!

பூவம்மா அக்கா எழுந்து வழி விடுகிறார். அக்கா வழி விட்ட பிறகு வேறு யார் மறிப்பது? காலை மடக்குங்கள், நாற்காலியை நகர்த்துங்கள், யாரும் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லாதீர்கள். பொறுமையோடு ஏச்சு வாங்கிய பெருமக்களுக்கும், மணியைக் கீழே வைத்துவிட்ட தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஒன்பது மணிக்குத் திடலில், எதிர்ப்பக்கத்தில் சந்திப்போம். வணக்கம், வீட்டுக்குப் போங்கள்.