வண்டிப்பாளையம் பேக்கரியை இடிக்க ஒரு மனு

...ஒரு ஆணி அடிக்கக் கூடாதாம்ண்ணே, என் சொந்தச் செவுத்துல! எழுதுங்க, எழுதுங்க. ‘மதிப்பிற்குரிய கலெக்டர் அவர்களுக்கு’ன்னு போட்டாச்சா? கீழ ஜான்சி, வண்டிப்பாளையம் பேக்கரின்னு போடுங்க. மஞ்சக்குப்பத்துலயே மனு எழுதுறதுல கொளஞ்சியப்பன் அண்ணன அடிச்சிக்க ஆளில்லன்னாங்க, அதான் விசாரிச்சிக்கிட்டு ஓடியாந்தேன்.

விசயம் இதான். எங்க மாமனாரு கட்டுன பேக்கரி... இல்ல இல்ல, அவரு அப்பா கட்டுனது. அத இடிச்சிட்டு மாடி எடுக்கணும். கீழ ஏசி பேக்கரி, மேல பர்த்டே ஹால். எதுத்தாப்புல ஒருத்தன் கண்ணாடி வச்ச கேக்கு கட தொறந்துட்டான்ண்ணே, புள்ளைங்கெல்லாம் அங்க ஓடுது. நானும் கட்டலன்னா ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனா இடிக்க வுட மாட்டேங்குறாங்க. பாரம்பரியக் கட்டடமாம், பட்டியல்ல சேத்துட்டாங்க! செதம்பரத்துல பழைய கட்டடத்தயெல்லாம் காப்பாத்துற ஆபீசுலேர்ந்து சந்திரலேகான்னு ஒரு மேடம் வந்து, டேப்பு வச்சி அளந்து, செவுத்துல கன்னத்த ஒட்டி வச்சிக்கிட்டு ‘என்னா குளுமை!’ங்குறாங்க. சித்திர வெயில்ல நெசமாவே குளுமதான், அது வேற. அத எழுதாதீங்க.

‘கட்டடம் பலவீனமா இருக்கு’ன்னு எழுதுங்க. இருங்க இருங்க... தானே புயல்ல ஊருல பாதிக் கூர பறந்துச்சே, எங்களுக்கு ஒரு ஓடு அசையலண்ணே! தெருவே உள்ள வந்து ஒக்காந்துச்சி. பண்ருட்டிக்காரரு ஒருத்தரு முந்திரி மூட்டையோட மாட்டிக்கிட்டாரு. கரண்ட்டு நாள்கணக்கா இல்ல. எங்களுக்கு என்னா? சவுக்கு வெறகு அடுப்பு! அந்த நனைஞ்ச முந்திரியப் போட்டு பிஸ்கட்டு சுட்டு எல்லாருக்கும் குடுத்தோம். ...ஐயையோ, எழுதிட்டீங்களா? அடிங்க, அடிங்க!

‘அடுப்பு ஒண்ணுத்துக்கும் ஒதவாது’ன்னு போடுங்க. என்னா, கிறிஸ்மசுக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் தொல்ல. தெருவுல அத்தன வூட்டுலயும் கேக்கு மாவ டின்னுல கலக்கிக் கொண்டாந்து எங்க அடுப்புலதான் வேக வப்பாங்க. புஷ்பவள்ளி இருக்கே, அது கோயிலுக்குப் போற வூடு, அதுவும் ஒரு டின்னு கொண்டாரும். ஒரு வருசம் டின்னு மாறிப்போயி, புஷ்பவள்ளி கேக்கு தெருக்கோடி டீச்சர் வூட்டுக்குப் போயிடுச்சி. அன்னிலேர்ந்து ரெண்டு பேரும் வேணும்னே மாத்திக்குறாங்கண்ணே! சிரிப்பா வருதுல்ல? இதயும் எழுதாதீங்க.

என்னா? பட்டியல்ல சேக்கச் சொன்னது யாருன்னு போடணுமா? ...கண்டிப்பா போடணுமா? ...அது எதுக்குண்ணே இப்ப.

சரி, எழுதுங்க. ஜான்சி. ஆமாண்ணே, இதே ஜான்சிதான். சேக்கச் சொன்னதும் ஜான்சி, எடுக்கச் சொல்றதும் ஜான்சி. சிரிக்காதீங்க, எழுத்து கோணுது பாருங்க!

எங்க கொழுந்தன் ராபர்ட்டு, மூணு வருசத்துக்கு முன்னாடி இதேதான் சொன்னாரு. ‘இடிச்சிட்டு ஹாலு கட்டலாம் அண்ணி.’ பிளான்கூட போட்டாரு. அதோட வுட்டாரா? ‘கல்லாவுல மாலதி ஒக்காரட்டும், நீங்க ரெஸ்ட் எடுங்க’ன்னுட்டாரு. மாலதி அவரு சம்சாரம். முப்பது வருசமா நான் ஒக்காந்த எடம்ண்ணே! மக்யா நாளே, விடிஞ்சதும் செதம்பரம் பஸ்ஸு ஏறி, அந்த மேடத்தப் பாத்து அழுதேன் பாருங்க... நான் அழுதது மட்டும் ஃபைலுல எட்டு பக்கம் இருக்கு. ராபர்ட்டு ‘நீங்களே வச்சிக்கங்க அண்ணி’ன்னு சாவிய வச்சிட்டு நெல்லிக்குப்பம் போயிட்டாரு. மூணு கிறிஸ்மஸ் ஆச்சி, அவுங்க வூட்டு டின்னு வரல. எனக்கு அதுதான் தாங்கலண்ணே.

...ஏன் பேனாவ மூடிட்டீங்க? தொறங்க. ‘இடிக்க’ன்னு இருக்குல்ல, அத அடிச்சிட்டு ‘சுண்ணாம்பு அடிக்க அனுமதி’ன்னு போடுங்க. அதுக்கும் கேக்கணுமாமே. ஹாலா? முன்கூடத்துல கெடக்குற சாமானெல்லாம் எடுத்தா முப்பது புள்ளைங்க ஒக்காரும். இருங்க, ஒரு போனு போட்டுக்குறேன்.

...ரிங்கு போவுது... அலோ, ராபர்ட்டு? அண்ணிதான் பேசுறேன்... இல்லப்பா, யாருக்கும் ஒண்ணும் ஆவல... போன மாலதிகிட்ட குடு... கல்லாவுக்கு இன்னொரு நாற்காலி வாங்கணும், கைவச்சது வேணுமா சும்மா வேணுமான்னு அவளையே கேக்கணும்.