ஜெயபாரதி அம்மையாரும் எதிர்வரிசையும்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் திரு. ஸ்ரீனிவாசன் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் கணவர் பாலமுரளி அவர்களே, மகள் ஸ்வாதி, டூட்டி முடிந்த கையோடு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே!

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. நேற்று மாலை நம் செயற்குழு அவசரமாகக் கூடியது. எனக்குப் பின்னால் தொங்கும் பேனரில் 'கண்ணீர் அஞ்சலி' என்று போடுவதா, 'புகழஞ்சலி' என்று போடுவதா என்ற கேள்வி எழுந்தது. இரு தரப்பிலும் வலுவான வாதங்கள் வைக்கப்பட்டன. டீ இரண்டு முறை வந்தது. கண்ணீர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தங்கள் பெயர் வருவதை பேனருக்குப் பணம் கொடுத்த நகைக்கடைக்காரர்கள் விரும்பவில்லை என்று தெரிந்ததும், புகழஞ்சலி ஒருமனதாக நிறைவேறியது. அம்மையாரின் புகழை இந்தச் சங்கம் இவ்வளவு விரைவாக ஒப்புக்கொண்டது இதுவே முதல் முறை.

யார் இந்த ஜெயபாரதி? அழைப்பிதழ்களில் நாம் 'நடன ஒருங்கிணைப்பாளர்' என்று அச்சிட்டோம். நேற்றிலிருந்து 'ஆடற்கலைச் செம்மல்'. அவர் தன்னைச் சொல்லிக்கொண்டது வேறு: "நான் ஆடறவ இல்லீங்க, கூப்பிடறவ." கோயம்புத்தூர்க்காரர். கணவரின் வேலை காரணமாகச் சில வருடம் அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் இருந்தார். அங்கே சனிக்கிழமை தோறும் ஊர் மண்டபத்தில் காண்ட்ரா என்று ஓர் ஆட்டம். இரண்டு வரிசை, எதிரெதிராக நிற்கும். ஒருவர் மைக்கில் அடுத்த அசைவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கேட்டுக் கேட்டு ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியும் ஓர் இடம் நகரும். அப்படியே நகர்ந்து நகர்ந்து, ஆட்டம் முடிவதற்குள் பெரும்பாலும் எல்லோரும் எல்லோரையும் எதிரில் சந்தித்திருப்பார்கள். வங்கி மேலாளரும் பால்காரரும் கூட.

இந்த ஆபத்தான பொருளைத்தான் அம்மையார் எந்தச் சுங்கச் சோதனையும் இல்லாமல் துபாய்க்குள் கொண்டுவந்தார்!

அங்கே கை கோத்து ஆடுவார்கள். இங்கே அது நடக்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால் ஆளுக்கு ஒரு ஜோடி கோலாட்டக் கோலைக் கொடுத்தார். கையைக் கை தொட வேண்டாம், கோலைக் கோல் தொட்டால் போதும். காலுக்கு ஒயிலாட்டம், நடுவில் தட்டுவதற்குக் கும்மி, நிற்பதற்கு மட்டும் அமெரிக்க வரிசை. கோல்கள் என் ஸ்டேஷனரிக் கடைக்குத்தான் வந்து இறங்கின. ஆகவே நானும் இதில் கூட்டாளி.

ஆட யார் வந்தார்கள்? நம் குடும்பங்கள் அவருடைய ஃபிளாட்டில் வாராவாரம் ஒத்திகை பார்த்தன. ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஒரு பஸ் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஒத்திகைக்கு ஏது நேரம்? நேராக விழாவுக்கே வந்தார்கள். முதல் விழா அன்று, சாரம் கட்டும் வேலை செய்யும் சிவகங்கை அடைக்கலம் வரிசை நடுவில் திகைத்து நின்றார்.

"ஏக்கா, ஒயிலாட்டம்னா ஆடிப்புடுவேன். இது எங்கிட்டுப் போறதுன்னே வெளங்கல."

"அண்ணா, டூட்டிக்கு வர்றப்ப ரவுண்டானால எப்படித் திரும்புவீங்க? அப்படித் திரும்புங்க."

"நான் எங்கக்கா திரும்புறேன்? நான் பஸ்ஸுல தூங்கிக்கிட்டுல வாரேன்!"

மண்டபமே சிரித்தது. அன்றைக்குத்தான் அசைவுகளுக்குப் பெயர் வந்தது. நாலு பேர் கோலை நடுவில் சேர்த்துச் சுற்றினால் ரவுண்டானா. முதுகுக்கு முதுகு காட்டிச் சுற்றி வந்தால் டிரெய்லர் ரிவர்ஸ். அடுத்த ஜோடியிடம் நகர்ந்தால் எக்ஸிட். கேம்ப் ஆட்களுக்கு ஒரே தடவையில் புரிந்தது. இவற்றுக்குத் தூய தமிழ்ப் பெயர் சூட்ட நாம் அமைத்த குழு இன்னும் கூடவில்லை.

ஒத்திகை பார்த்த குடும்பங்களை அம்மையார் கூப்பிடவே தேவைப்படவில்லை; எதிரில் நிற்கும் கேம்ப் ஆள் நகர்ந்தால் அவர்களும் நகர்வார்கள். அவர் கூப்பிட்டதெல்லாம் கேம்ப் ஆட்களைத்தான், பெயர் சொல்லி. "கலீல் பாய், டிரெய்லர் ரிவர்ஸ்! அது உங்க லெஃப்ட் இல்லீங்க, எனக்கு லெஃப்ட்!" கிரேனில் சுமை கட்டும் ரிக்கர் கலீலுர் ரஹ்மான், "எல்லா லெஃப்டும் உங்களுக்கே குடுத்தாச்சும்மா, எனக்கு ரைட்டே போதும்" என்பார். நாள் முழுக்க பதக்கா அட்டை எண்ணால் அழைக்கப்படும் மனிதருக்கு மைக்கில் தன் பெயர் கேட்பது எப்படி இருந்திருக்கும்? நமக்கு அந்த அனுபவம் இல்லை. நம் பெயர்கள் அழைப்பிதழிலேயே வந்துவிடுகின்றன.

பிறகு குடும்பங்களிடமிருந்து புகார் வந்தது. கோலின் நுனி கையில் சேர்த்தியா, இல்லையா? இது எளிய கேள்வி அல்ல! துணைக்குழு ஆராய்ந்தது. கோல் ஒரு கருவிதான், எனினும் அதிர்வு கை வரை செல்கிறது என்று கண்டுபிடித்தது. கோலின் நீளத்தைக் கூட்டச் சொன்னது. அம்மையார் மறுபேச்சில்லாமல் கூட்டினார். அடுத்த விழாவில் நீளமான கோல் ஒன்று தலைவரின் மூக்குக்கண்ணாடியைச் சந்தித்தது. அதன் பிறகுதான் தீர்மானம் வந்தது: இந்தப் பொங்கலுக்குக் குடும்பங்கள் மட்டும் ஆடும், பேச்சிலர்கள், நேரம் இருந்தால், கடைசியில் தனியாக ஆடலாம். என் எதிர்ப்பு மினிட்ஸில் 'ஒருமனதாக' என்று பதிவாகியிருக்கிறது.

பேச்சிலர் என்றால் யார்? ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கும் மனிதரை இங்கே நாம் அப்படி அழைக்கிறோம். விழா அன்று மேடைக்குப் பின்னால் தலைவருக்கும் அம்மையாருக்கும் நடந்த பேச்சை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மேடம், நாங்க யாரையும் தப்பா சொல்லல. ஃபேமிலிங்க கம்ஃபர்ட்டபிளா இருக்கணும், அவ்ளோதான்."

"அடைக்கலண்ணனுக்கும் ஃபேமிலி இருக்குதுங்க சார். சிவகங்கையில."

"இங்க இல்லையே மேடம்."

"நீங்க விசா எடுத்துத் தர்றீங்களா சார்? அடுத்த பொங்கலுக்குக் கூட்டிட்டு வந்துருவாரு."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டைம் ஆச்சு. நீங்க கூப்பிடுவீங்களா, மாட்டீங்களா?"

"எதிர்ல ஆளே இல்லாம யாரைங்க கூப்பிடறது?"

மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். சங்கம் இதற்கெல்லாம் கலங்குமா? முந்தைய வருடம் பதிவு செய்த ஒலி கையில் இருந்தது. போட்டார்கள். குடும்பங்கள் இரண்டு வரிசையாக நின்றன. தாளம் எழுந்தது. அம்மையாரின் குரல் வந்தது: "அடைக்கலண்ணா, ரவுண்டானா! தூங்கிறாதீங்ணா, எக்ஸிட் வந்துருச்சு!"

வரிசை அப்படியே நின்றது. ஒரு குழந்தை, "ஹூ இஸ் அடைக்கலம், டாடி?" என்று கேட்டது. டாடி குழந்தையின் கோலை நேராகப் பிடித்துக் கொடுத்தார். குரல் விடவில்லை. "கலீல் பாய், டிரெய்லர் ரிவர்ஸ்!" என்றது. நகர்கிறவர்கள் யாரும் இல்லை.

நான் வெளியே போனேன். பார்க்கிங்கில், கேம்ப் பஸ் பக்கத்தில், தங்கள் முறைக்குக் காத்திருந்த கேம்ப் ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்! சுவர் தாண்டி வந்த குரல் யார் பெயரைச் சொன்னதோ அவர் திரும்பினார், யாரைச் சுற்றச் சொன்னதோ அவர் சுற்றினார். அம்மையார் பஸ் படியில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுகிறவர்களுக்கு ஆட்டம் வந்துவிட்டால் கூப்பிடுகிறவர் மௌனமாகிவிட வேண்டும் என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குள் செக்யூரிட்டி வந்துவிட்டார். "பாய், கலாஸ். பார்க்கிங்ல புரோகிராம் மாஃபி. யல்லா, பஸ்." கோல்களைப் பொறுக்கிக்கொண்டு ஏறினார்கள். பஸ் கிளம்பும்வரை அம்மையார் அங்கேயே நின்றார்.

அதுதான் அவருடைய கடைசி விழா. மாசி பிறந்து சில நாளில் மாரடைப்பு. காரணம் அது மட்டும்தான் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். டாக்டரை மறுக்க நமக்கு என்ன தகுதி? பாலமுரளி அவர்களே, ஸ்வாதி, உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் எதுவும் இல்லை. இருப்பதுபோல் நடிக்கவும் மாட்டேன். அவர் கேட்டது பட்டம் அல்ல, பொன்னாடை அல்ல. ஒரே ஒரு வரிசை. அதைத் தர நம்மால் முடியவில்லை. அரசாங்கம் தடுத்ததா? கம்பெனி தடுத்ததா? விசா கொடுத்த எந்தக் கஃபீலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாமே போதுமானவர்களாக இருந்தோம்.

இறுதியாக, செயற்குழு என்னிடம் தந்திருக்கும் தீர்மானத்தை வாசிக்கிறேன். "ஆடற்கலைச் செம்மல் ஜெயபாரதி அம்மையார் தொடங்கிய பணியை இச்சங்கம் தொடரும். ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் அவர் நினைவாகக் குடும்பங்களுக்கான இந்த ஆட்டம், அவர் குரலிலேயே நடைபெறும்." எழுந்து நின்று வழிமொழியுங்கள். நன்றி. உட்காரலாம்.

போன பொங்கலில் நேர்ந்த குழப்பம் இனி நேராது. ஒலிப்பதிவுக்காரரை வைத்து, கேம்ப் ஆட்களின் பெயர் வரும் இடங்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் இன்று காலை கேட்டேன். அதில் இப்போது இருப்பது தாளமும், நடுவில் ஓரிடத்தில் அம்மையார், "ஸ்வாதி, கொஞ்சம் தண்ணி குடு கண்ணு" என்று சொல்வதும்தான்.